கணினிக்குள் ஒரு ஏக்கர்: உறுதி யாருடைய கையில்?

கேள்வி: ஆரையம்பதியைச் சேர்ந்த 27 வயது இளைஞன் நான். செகண்ட் லைஃப் என்னும் இணைய உலகத்தில் தளபாடங்களை வடிவமைத்து விற்கிறேன். அங்கு தீவு வைத்திருக்கும் வெளிநாட்டவர் ஒருவரிடம் மூன்று வருடங்களுக்கு முன்னர் 4,096 சதுர மீற்றர் காணியை ஒரு தொகை கொடுத்து வாங்கினேன். கிழமைதோறும் கட்டணமும் செலுத்தி வருகிறேன். இப்போது கட்டணத்தை மூன்றில் ஒரு பங்கு கூட்டியிருப்பதாகவும், விருப்பமில்லாவிட்டால் 14 நாட்களில் வெளியேற வேண்டும் என்றும் அறிவித்தல் வந்திருக்கிறது. என் காணியில் அவர் இப்படிச் செய்யலாமா? இங்கே வழக்குப் போட முடியுமா? செகண்ட் லைஃபை நடத்தும் கம்பனியிடம் நேரடியாக ஒரு முழுத் தீவை வாங்கித் துண்டு துண்டாக வாடகைக்கு விட்டால் இந்தத் தொல்லை தீரும் என்று நினைக்கிறேன். அதற்காகத் தங்கச்சிக்கு வீடு கட்ட அம்மா சேர்த்து வைத்திருக்கும் பணத்தில் 12 இலட்சம் ரூபாவைக் கடனாகக் கேட்டிருக்கிறேன்; அம்மா இன்னும் பதில் சொல்லவில்லை. புளொக்செயின் காணி இதைவிடப் பாதுகாப்பானதா என்பதையும் சொல்லுங்கள்.

பதில்:

உங்கள் முதலாவது கேள்விக்கு விடை சுருக்கமானது: செய்யலாம். கடிதத்தில் நீங்கள் "என் காணி" என்றும் "வாங்கினேன்" என்றும் எழுதியிருக்கிறீர்கள். திரையில் நீங்கள் அழுத்திய பொத்தானும் "வாங்கு" என்றுதான் சொல்லியிருக்கும், காணியின் விவரப் பெட்டியிலும் உரிமையாளர் என்ற இடத்தில் உங்கள் பெயரே இருந்திருக்கும். ஆயினும் தனியார் தீவுகளில் கம்பனியின் கணக்கில் உரிமையாளராக இருப்பவர் தீவுக்காரர் ஒருவர் மாத்திரமே. அவர் விரும்பிய நேரத்தில் எந்தத் துண்டையும் மீளத் தன் பெயருக்கு எடுத்துக்கொள்ளும் வசதி அந்த மென்பொருளிலேயே இருக்கிறது. கல்முனையில் சந்தைக் கடையொன்றை எடுப்பவர் முதலில் ஒரு பெருந்தொகையைக் கொடுத்துவிட்டு, பின்னர் மாதாமாதம் வாடகையும் கொடுப்பாரல்லவா? மூன்று வருடங்களுக்கு முன்னர் நீங்கள் கொடுத்தது அந்த முதல் தொகை. கிழமைதோறும் கொடுப்பது வாடகை. கொள்வனவு என்று சட்டம் ஏற்கக்கூடிய ஒன்று அங்கே நடைபெறவில்லை.

அந்தக் காணி எத்தகையது என்பதையும் சற்றுப் பார்ப்போம். ஒரு முழுப் பிராந்தியம் (ஒரு முழுத் தீவின் அளவு) 256 மீற்றருக்கு 256 மீற்றர், அதாவது 65,536 சதுர மீற்றர். நம் கணக்கில் 16 ஏக்கருக்குச் சற்றுக் கூட. உங்கள் 4,096 சதுர மீற்றர் அதில் சரியாகப் பதினாறில் ஒரு பங்கு, ஏறத்தாழ ஒரு ஏக்கர். ஆனால் அங்கே பரப்பளவைவிட விலையைத் தீர்மானிப்பது அந்தத் துண்டில் எத்தனை பொருட்களை வைக்கலாம் என்பதுதான். முழுப் பிராந்தியம் ஒன்று நெடுங்காலம் 15,000 பொருள் அலகுகளைத் தாங்கியது. ஹோம்ஸ்டெட் எனப்படும் மலிவான வகை 3,750 அலகுகளை மாத்திரமே தாங்கியது. உன்னிச்சைக் குளத்து வாய்க்கால் பாயும் வயலும் மழையை நம்பிய மானாவாரி வயலும் ஏக்கரில் சமமாக இருக்கலாம், விலையில் சமமாகா என்பதை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. கம்பனியின் வழங்கிக் கணினியின் உழைப்பில் ஒரு பங்குதான் அங்கே தண்ணீர். நீங்கள் வாடகைக்கு எடுத்திருப்பதும் அந்தப் பங்கைத்தான். மண்ணும் கடற்கரையும் அதன் மேல் வரைந்த படங்கள்.

நம் நாட்டில் 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, அசையா ஆதனத்தின் விற்பனையோ, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகையோ நொத்தாரிசு ஒருவரும் குறைந்தது இரண்டு சாட்சிகளும் முன்னிலையில் எழுத்தில் நிறைவேற்றப்பட்டாலன்றிச் செல்லுபடியாகாது. அளப்பவர் நில அளவையாளர், எழுதுபவர் நொத்தாரிசு, பதிபவர் காணிப் பதிவாளர், பிணக்கைத் தீர்ப்பவர் நீதிபதி. விற்பவர் இவர்களுள் எவருமல்லர். வாங்குபவரின் பாதுகாப்பே இந்தப் பிரிவினையில்தான் இருக்கிறது. செகண்ட் லைஃபிலோ சான் பிரான்சிஸ்கோவின் லிண்டன் லாப் என்னும் ஒரே கம்பனியே நிலத்தை உண்டாக்குகிறது, அளக்கிறது, விற்கிறது, பதிகிறது, அங்கு புழங்கும் லிண்டன் டொலரை வெளியிடுகிறது, பிணக்கு வந்தால் தீர்ப்பும் சொல்கிறது. உறுதியின் இடத்தில் இருப்பது சேவை நிபந்தனைகள் என்னும் ஆவணம். மெய்நிகர் காணி என்பது மட்டுப்படுத்தப்பட்ட அனுமதி உரிமையே, உண்மையான அசையா ஆதனம் அன்று, அதைக் கம்பனியிடம் கொடுத்துப் பணம் கேட்க முடியாது என்று அந்த ஆவணம் வெளிப்படையாகவே சொல்கிறது.

படுவான்கரையிலிருந்து சட்டத்தரணியும் நொத்தாரிசுமான என் அலுவலகத்துக்கு வருபவர்களில் சிலர், அரசு அனுமதிப்பத்திரத்தின் மேல் கொடுத்த காணியைச் சத்தியக்கடதாசி ஒன்றின் மேல் "வாங்கி", கிணறும் கட்டிவிட்டு, உறுதி எழுதித் தரும்படி கேட்பார்கள். பிரதேச செயலாளரின் சம்மதமின்றி அந்தக் கைமாற்றம் செல்லாது என்று சொல்லும்போது அவர்களின் முகம் மாறுவதைப் பல தடவை கண்டிருக்கிறேன். ஆயினும் 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரம் வைத்திருப்பவரை அரசு நினைத்தவுடன் எழுப்பிவிட முடியாது. அறிவித்தல் கொடுக்க வேண்டும், காரணம் கேட்க வேண்டும், விசாரணை நடத்த வேண்டும். உங்கள் ஏக்கருக்கு அந்த அளவு பாதுகாப்பும் இல்லை. தீவுக்காரர் 14 நாள் அவகாசம் தந்திருப்பதே அவருடைய பெருந்தன்மை அல்லது அவர் தீவுக்கு எழுதி வைத்திருக்கும் உடன்படிக்கையின் தயவு.

வழக்குப் போட முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். இந்த உலகத்தை நான் முதலில் அறிந்ததே ஒரு வழக்கின் வழியாகத்தான். பென்சில்வேனியாவைச் சேர்ந்த மார்க் பிராக் என்னும் சட்டத்தரணி, ஏலத்துக்கு இன்னும் விடப்படாத ஒரு காணியின் இணைய முகவரியைக் கண்டறிந்து 300 டொலருக்கு வாங்கினார். கம்பனி அதை முறைகேடு என்று கூறி அவருடைய கணக்கையே முடக்கியது. அந்தக் கணக்கிலிருந்த ஏனைய காணிகளும் பணமும் அதனுடன் போயின. 2007 மே மாதத்தில் நீதிபதி எடுவார்டோ ரொப்ரேனோ, பிணக்குகளைச் சான் பிரான்சிஸ்கோவில் நடுத்தீர்ப்புக்கு விடவேண்டும் என்ற நிபந்தனை மனச்சாட்சிக்கு ஒவ்வாத அளவுக்கு ஒருதலைப்பட்சமானது என்று தீர்மானித்து வழக்கைத் தொடர அனுமதித்தார். பலரும் இதை மெய்நிகர் காணிக்குச் சட்டம் உரிமை கொடுத்த தீர்ப்பு என்று இன்றும் எழுதுகிறார்கள், அது பிழை. காணி யாருடையது என்ற கேள்விக்கு விடை வருமுன்னரே இரு தரப்பும் சமரசமாகிவிட்டன. தீர்மானிக்கப்பட்டது எந்த மன்றத்தில் வாதிடலாம் என்பது மட்டுமே. உங்கள் விடயத்திலோ எதிராளி கம்பனிகூட அல்ல, முகமும் முகவரியும் தெரியாத இன்னொரு பாவனையாளர். பாவனையாளர்களுக்கிடையிலான வாடகைப் பிணக்குகளில் தான் தலையிடுவதில்லை என்பது கம்பனியின் நெடுங்காலக் கொள்கை. மட்டக்களப்பு மாவட்ட நீதிமன்றத்தில் நான் உங்களுக்காக ஒரு வழக்கேட்டைத் தயாரிக்கலாம். அழைப்பாணையைச் சேர்ப்பிக்க ஒரு பெயர் வேண்டுமல்லவா?

இனி முழுத் தீவு. தீவுக்காரரின் கீழிருந்து விடுபட்டால் விலை மாற்றத்திலிருந்தும் விடுபடலாம் என்பது உங்கள் எண்ணம். ஆனால் உங்கள் தீவுக்காரரும் வாடகைக்காரரே. தீவை வாங்கும்போது ஒரு தொடக்கத் தொகையும், பின்னர் மாதந்தோறும் பராமரிப்புக் கட்டணமும் அவர் கம்பனிக்குச் செலுத்துகிறார். செலுத்தத் தவறினால் தீவே போய்விடும், அதிலிருக்கும் பதினாறு குடிகளும் சேர்ந்து போவார்கள். அந்தக் கட்டணங்கள் எப்படி மாறி வந்திருக்கின்றன என்பதைப் பாருங்கள். 2006 நவம்பரில் தனியார் தீவின் தொடக்க விலை 1,250 டொலரிலிருந்து 1,675 ஆகவும், மாதக் கட்டணம் 195 இலிருந்து 295 ஆகவும் உயர்ந்தன. ஏற்கனவே வைத்திருந்தோருக்குப் பழைய கட்டணம் தொடர அனுமதிக்கப்பட்டது. ஒன்றரை வருடம் கழித்து, 2008 வசந்த காலத்தில், தொடக்க விலை 1,000 டொலராகக் குறைக்கப்பட்டது. இதைக் கேட்டு மகிழ்ந்தவர்கள் புதிதாக வாங்க வந்தவர்கள். முந்திய மாதம் 1,675 கொடுத்தவரின் தீவை அதன் பிறகு யார் அந்த விலைக்கு வாங்குவார்? விலையேற்றம் மாதக் கணக்கைக் கடிக்கும், விலைக்குறைப்பு மறுவிற்பனைப் பெறுமதியைக் கடிக்கும். காணி வைத்திருப்பவருக்கு இரண்டிலும் நட்டம் உண்டு. நம் ஊரில் அரசாங்கம் ஒரே இரவில் கடலை நிரப்பிக் கல்லடிக்குப் பக்கத்தில் இன்னொரு கல்லடியை உண்டாக்கி அரைவிலைக்கு விற்க முடியாது. அங்கே முடியும்.

அதே 2008 இல் நடந்த இன்னொன்றை நீங்கள் அவசியம் அறிந்திருக்க வேண்டும். ஓப்பன்ஸ்பேஸ் என்னும் மலிவுப் பிராந்தியங்கள் கடலுக்கும் காட்டுக்குமான வெறும் வெளிகளாகத் திட்டமிடப்பட்டவை. ஒரு முழுப் பிராந்தியத்துக்கு ஒதுக்கப்படும் செயலிப் பங்கில் அவை நான்கு ஓடும். அந்த வருடம் அவற்றின் விலை குறைக்கப்பட்டு, பொருள் அளவு 3,750 ஆகக் கூட்டப்பட்டதும், மக்கள் ஆயிரக்கணக்கில் வாங்கி வீடும் கடையும் கட்டிக் குடியேறினார்கள். வழங்கிகள் திணறின. ஒக்டோபரில் கம்பனி அவற்றின் மாதக் கட்டணத்தை 75 டொலரிலிருந்து 125 ஆக உயர்த்தப்போவதாக அறிவித்தது; மூன்றில் இரண்டு பங்கு உயர்வு, அதுவும் சில மாதங்களுக்கு முன்னர் தானே ஊக்குவித்து விற்ற பொருளுக்கு. பெரும் எதிர்ப்பு எழுந்தபின் கட்டணம் முதலில் 95, அரை வருடம் கழித்து 125 என்று படியாக்கப்பட்டு, ஹோம்ஸ்டெட் என்ற பெயர் வந்தது. பழைய 75 டொலரிலேயே இருக்க விரும்பியவர்களுக்குப் பொருள் அளவு 750 ஆகச் சுருங்கியது. தொழில்நுட்பக் காரணம் உண்மையானதே என்பது என் கருத்து. ஆனால் காரணம் உண்மையாக இருப்பதால் வாங்கியவரின் நட்டம் குறைந்துவிடவில்லை. இடையில் நிற்கும் தீவுக்காரர்களில் சிலர் உயர்வைத் தாமே ஏற்றார்கள், சிலர் குடிகள் மேல் இறக்கினார்கள், சிலர் தீவைக் கைவிட்டார்கள். உங்களுக்கு வந்திருக்கும் அறிவித்தல் குடிகள் மேல் இறக்கும் அந்த இரண்டாவது வகை.

2018 இல் காற்று மறுபக்கம் திரும்பியது. முழுத் தீவின் மாதக் கட்டணம் 295 டொலரிலிருந்து 249 ஆகக் குறைக்கப்பட்டது. கம்பனிக்குச் சந்தா செலுத்தும் உறுப்பினர்கள், தீவுகளல்லாத கம்பனியின் சொந்தப் பெருநிலத்தில் மேலதிகக் கட்டணமின்றி வைத்திருக்கக்கூடிய காணி அளவும் 512 இலிருந்து 1,024 சதுர மீற்றராக, அதாவது நம் கணக்கில் 40 பேர்ச்சாக, இரட்டிப்பானது. 2019 இல் கம்பனியே பெலிசேரியா என்ற புதிய கண்டத்தைத் திறந்து, தோட்டத்துடன் கூடிய அழகான வீடுகளை உறுப்பினர்களுக்கு உறுப்புரிமையின் ஒரு பகுதியாக வழங்கத் தொடங்கியது. வாடகைக்கு விடலாம் என்று தீவு வாங்குபவர் யாருடன் போட்டியிடுகிறார் என்பதைக் கவனியுங்கள்: தனக்குத் தீவை விற்றவருடன்.

உங்கள் 12 இலட்சத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு டொலர் 300 ரூபா என்று வைத்தால் அது 4,000 டொலர். மாதக் கட்டணத்துக்கு 2018 ஆம் ஆண்டின் 249 டொலரையே உதாரணமாகக் கொள்கிறேன். இன்றைய விலையைக் கம்பனியின் பட்டியலில் பார்த்து நீங்களே இதே கணக்கை மீண்டும் போடுங்கள். தீவைப் பதினாறு துண்டாக்கி ஒவ்வொன்றையும் மாதம் 20 டொலருக்கு விட்டால், எல்லாம் நிரம்பியிருக்கும் மாதத்தில் 320 டொலர் வரும். 71 டொலர் மிஞ்சும். மூன்று துண்டு வெறுமையானால் மிஞ்சுவது 11 டொலர். நான்காவதும் வெறுமையானால் கையிலிருந்து 9 டொலர் போட வேண்டும். பதினாறு குடிகளின் முறைப்பாடுகளையும் இரவு பகலாகக் கேட்பதற்கான கூலி இந்தக் கணக்கில் சேரவில்லை. இவையெல்லாம் டொலரில். 2022 தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர் அந்த வருடம் மே மாதத்தில் 360 ரூபாவை அண்மித்ததை நாமெல்லோரும் எரிபொருள் வரிசையில் நின்று அனுபவித்தோம். கம்பனி ஒரு சதம்கூட உயர்த்தாமலேயே, 249 டொலர் 49,800 ரூபாவிலிருந்து 89,640 ரூபாவாகியிருக்கும். உங்கள் வாடகை வருமானமும் டொலரில் வருமே என்று சொல்வீர்கள். நிரம்பிய தீவுக்கு அது சரி, காலியான தீவுக்குச் சரியன்று.

எனவே முழுத் தீவு பற்றிய கேள்விக்கு என் விடை: வாங்க வேண்டாம்; அந்தப் பணத்தில் வாங்கவே வேண்டாம். நம் பகுதியில் பெண்பிள்ளைக்கு வீடும் வளவும் கொடுப்பது எப்படிப்பட்ட பொறுப்பு என்பது உங்களுக்குத் தெரியும். நான் எழுதும் நன்கொடை உறுதிகளில் பெரும்பங்கு தாய் மகளுக்கு எழுதுபவை. அந்தப் பணம் ஒரு நாள் பதிவு செய்யப்பட்ட உறுதியாக மாறக்கூடியது. அதைப் பதிவே செய்ய முடியாத ஒன்றில் போடுவதற்கு உங்கள் தாயார் பதில் சொல்லாமல் இருப்பதை நான் தயக்கமாகப் பார்க்கவில்லை, நிதானமாகப் பார்க்கிறேன்.

புளொக்செயின் காணி பற்றிச் சிறிது. டிசென்ட்ராலாண்ட் போன்ற உலகங்களில் காணிப் பதிவு புளொக்செயின் என்னும், பலருடைய கணினிகளில் பரவியிருக்கும் பொதுப் பதிவேட்டில் இருக்கிறது; அது ஒரு கம்பனியின் கையில் இல்லை, மாதக் கட்டணமும் இல்லை. துண்டுகளின் தொகையும் 90,601 என்று வரையறுக்கப்பட்டது, ஒவ்வொன்றும் 16 மீற்றருக்கு 16 மீற்றர், நம் 10 பேர்ச் அளவு. பதிவுப் பிரச்சினைக்கு இது ஓரளவு விடைதான். விலைப் பிரச்சினைக்கு விடையன்று. 2021 ஒக்டோபரில் பேஸ்புக் தன் பெயரை மெட்டா என்று மாற்றியதை அடுத்து விலைகள் உச்சத்துக்குப் போய், நவம்பரில் ஒரு தொகுதி ஏறத்தாழ 24 இலட்சம் டொலருக்கு விற்பனையானது. பின்னர் வெகுவாகச் சரிந்தன. உறுதி கையிலிருந்தாலும் ஊரில் சனமில்லாவிட்டால் வளவுக்கு விலையில்லை. அத்துடன், அந்தக் காணியை வாங்குவதற்கு வேண்டிய மெய்நிகர் நாணயக் கொடுக்கல் வாங்கல்களுக்கு வங்கிக் கடனட்டை, பற்று அட்டைகளைப் பயன்படுத்த அனுமதியில்லை என்று இலங்கை மத்திய வங்கி 2021 ஆம் ஆண்டின் பணிப்புரையைச் சுட்டிக்காட்டி அறிவித்திருக்கிறது. அந்த வழியில் இறங்குமுன் உங்கள் வங்கியிடம் எழுத்தில் கேளுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்த உலகத்தில் உங்களுக்கு உண்மையாகவே சொந்தமான ஒரு பொருள் இருக்கிறது. அது நீங்கள் வடிவமைத்த தளபாடங்கள். பாவனையாளர்கள் தாம் உருவாக்கியவற்றின் புலமைச்சொத்து உரிமையைத் தாமே வைத்திருப்பர் என்று லிண்டன் லாப் 2003 நவம்பரிலேயே அறிவித்தது. அதே 2003 இன் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி, நம் நாட்டில் பதிப்புரிமை பதிவு எதுவுமின்றி ஆக்கியவுடனேயே பிறக்கிறது. பொதுவாக ஆக்கியவரின் ஆயுட்காலத்துக்கும் அதன்பின் 70 வருடங்களுக்கும் நிலைக்கிறது. இதே போன்ற இணைய உலகங்களில் பிளேஸ்டேஷன் ஹோம் 2015 மார்ச்சில் மூடப்பட்டது, ஒல்ட்ஸ்பேஸ் 2023 மார்ச்சில் மூடப்பட்டது. அங்கே இடம் வைத்திருந்தவர்களின் இடம் அத்துடன் முடிந்தது. மூலக் கோப்பைத் தன் கணினியில் வைத்திருந்த வடிவமைப்பாளர் அதை இன்னோர் உலகத்துக்கு எடுத்துச் செல்லலாம். உங்கள் மூலக் கோப்புகள் அனைத்தையும், செய்த திகதி தெரியும்படி, இரண்டு இடங்களில் சேமித்து வையுங்கள். செகண்ட் லைஃபின் இணையச் சந்தையில் விற்பதற்குக் காணியே தேவையில்லை என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். காட்சிக்கூடத்தினால் எவ்வளவு விற்பனை வருகிறது, இணையச் சந்தையினால் எவ்வளவு வருகிறது என்று கடந்த ஆறு மாதக் கணக்கைப் பிரித்துப் பாருங்கள். காட்சிக்கூடம் தன் வாடகையை, உயர்த்திய பிறகும், தானே உழைத்துத் தருமானால் அங்கேயே இருங்கள். ஒரு கிழமைக்கு மேல் முற்பணம் செலுத்த வேண்டாம். தராவிட்டால் பெருநிலத்தில் உறுப்பினருக்குரிய அந்த 1,024 சதுர மீற்றரில் ஒரு சிறு கூடம் போதும்.

வெளியேறுவதென்றால் 14 ஆம் நாள் வரை காத்திருக்காதீர்கள். தீவுக்காரர் துண்டை மீட்கும்போது அதிலுள்ள பொருட்கள் உங்கள் இருப்புப் பெட்டகத்தில் தொலைந்தவை (Lost and Found) என்னும் கோப்புறைக்கு, பல வேளைகளில் ஒன்றோடொன்று ஒட்டிய ஒரே பொட்டலமாகத் திரும்பி வரும். பிரதியெடுக்க முடியாத பொருட்கள் அதற்குள் சிக்கினால் பிரித்தெடுப்பது சிரமம். நீங்களே ஒவ்வொன்றாக எடுத்து, கூடத்தின் அமைப்பைப் படம் பிடித்து, தீவின் உடன்படிக்கையின் பிரதியையும் கொடுப்பனவுப் பதிவுகளையும் சேமியுங்கள். அதன்பின் தீவுக்காரருக்கு ஒரு சிறு மடல் எழுதி, முற்பணமாகச் செலுத்திய கிழமைகளில் எஞ்சியதைத் திருப்பித் தரும்படி, உடன்படிக்கையில் அதற்கு ஏற்பாடு இருந்தால் அந்த வரியை மேற்கோள் காட்டிக் கேளுங்கள். மூன்று வருடங்களுக்கு முன்னர் கொடுத்த பெருந்தொகையை அதில் கேட்க வேண்டாம். அதைக் கேட்டால் எஞ்சிய கிழமைகளுக்கான பணத்தையும் தரமாட்டார்.